குழந்தையைப் பார்க்கக் கற்றல்

குழந்தைக்குக் காய்ச்சல் உண்டா என்று ஐயம் எழுந்தால் வெப்பமானி விடை கூறிவிடும். எடை போதுமா என்று கேட்டால் தராசு சொல்லிவிடும். ‘பதினான்கு மாதம் ஆகிறது, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை, இது சரிதானா?’ என்று ஒரு தாய் கேட்டால், அதற்கு விடை கூறும் கருவி எது? மருத்துவரின் கண்ணும் செவியும்தாம். ஆனால் அந்தக் கண்ணும் செவியும் தாமாகப் பழகிவிடுவன அல்ல. ஐந்தரை ஆண்டு மருத்துவம் கற்று வெளிவரும் இளைஞரிடம் அப்பழக்கம் எப்படியோ அமைந்திருக்கும் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அவ்வாறு அமைவதில்லை என்பது பின்னரே தெரிய வந்தது. அதனை எவ்வாறு கற்பிக்கிறோம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

வளர்ச்சி என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு பொருள்களைக் குறிக்கிறோம். உயரமும் எடையும் மிகுவது ஒன்று. தலை நிற்பது, குப்புற விழுவது, உட்காருவது, முகம் கண்டு சிரிப்பது, மழலை மொழிவது என்று புதிய புதிய செயல்கள் கைவருவது மற்றொன்று. முதலாவதை அளக்கத் தராசும் அளவுகோலும் உண்டு. இரண்டாவதைத் தராசு அறியாது. கொழுகொழுவென்று எடை நிறைந்து, பார்ப்பவர் கன்னத்தைக் கிள்ளத் தோன்றும் குழந்தையும் இரண்டாவதில் பின்தங்கியிருக்கக் கூடும்.

நம்மவர் இந்த இரண்டாவதை உற்று நோக்கியே வந்திருக்கின்றனர். பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் வகுத்த பருவங்களைப் பாருங்கள். செங்கீரைப் பருவத்தில் குழந்தை கைகளை நிலத்தில் ஊன்றித் தலையெடுத்து ஆடுகிறது. ஐந்தாம் மாதம் என்று அதனைப் பொதுவாகச் சொல்வர். சப்பாணிப் பருவத்தில், ஒன்பதாம் மாதத்தில், இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுகிறது. பின்னர் வருகை, தளர்நடையிட்டு வருகிறது. அதன் பின்னர் அம்புலி. தாய் வானத்து நிலவைச் சுட்டிக் காட்டுகிறாள். தாய் சுட்டிய பொருளைக் குழந்தை நோக்குவதும், தான் கண்ட பொருளைத் தாய்க்குச் சுட்டிக் காட்டுவதும் மனவளர்ச்சியின் தலையாய அடையாளங்கள் என்று இன்றைய மருத்துவம் கருதுகிறது. ஆட்டிசம் எனப்படும் நிலையுள்ள குழந்தைகளிடம் இளமையிலேயே குறைந்து காணப்படுவனவற்றுள் இந்தச் சுட்டுதலும் ஒன்று. புலவர்களை மருத்துவர்களாக்கிப் பெருமை கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. வீட்டுப் பாட்டிமார் கண்டு வைத்திருந்ததை அவர்கள் பாடினார்கள். அந்தப் பாட்டிமாரின் கண் மருத்துவக் கல்லூரிக்குள் நுழையாமல் போயிற்று என்பதற்காகவே சொன்னேன்.

நுழையாமல் போனதன் விளைவை நானே கண்டிருக்கிறேன். 1994-ஆம் ஆண்டு, பயிற்சி மருத்துவனாக ஒரு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் இருந்தேன். காலையில் நூறு பேருக்கு மேல் வரிசையில் நிற்பார்கள். சளிக்காக மகனைக் கொண்டு வந்த தாய் ஒருவர், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்ட பிறகும் எழவில்லை. “கூப்பிட்டால் திரும்பமாட்டேன் என்கிறான், ஐயா. ஒரு வார்த்தையும் வரவில்லை” என்றார். குழந்தைக்குப் பதினான்கு மாதம். நான் எழுந்து அதன் பின்னால் சென்று ஓங்கிக் கைதட்டினேன். அது சட்டென்று திரும்பியது. “பாருங்கள் அம்மா, காது நன்றாகக் கேட்கிறது. ஆண் குழந்தை கொஞ்சம் தாமதமாகத்தான் பேசும். போகப் போகச் சரியாகிவிடும்” என்றேன். அவர் நம்பிக்கையோடு எழுந்து சென்றார்.

இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழித்து அந்தத் தாயை வேறோர் இடத்தில், செவித்திறன் ஆராயும் பிரிவின் வாயிலில் கண்டேன். பையனுக்கு இரு காதுகளிலும் பிறவியிலேயே கடுமையான செவிட்டுத்தன்மை இருந்தது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “அன்றைக்கே கேட்டேனே, ஐயா” என்று மட்டும் சொன்னார்.

நான் கைதட்டியபோது அவன் ஏன் திரும்பினான்? கைகள் எழுப்பிய காற்று அவன் பிடரியில் பட்டிருக்கலாம். சுவரில் என் நிழல் அசைந்திருக்கலாம். தாயின் கண்கள் என்னைத் தொடர்ந்ததை அவன் பார்த்திருக்கலாம். காது கேளாத குழந்தைகள் இத்தகைய குறிப்புகளைப் பற்றிக்கொள்வதில் வல்லவர்கள். இது எனக்கு அன்று தெரியாது. இருமலைக் கேட்டு நிமோனியாவைப் பிரித்தறிய எனக்குக் கற்பித்திருந்தார்கள். நலமாக இருக்கும் குழந்தை பதினான்கு மாதத்தில் என்னென்ன செய்யும் என்பதைத் தேர்வுக்காக ஒரு பட்டியலாக மனப்பாடம் செய்ததோடு சரி.

மருத்துவக் கல்வியின் இயல்பே இத்தகையது. மாணவர் நோயாளிப் படுக்கையின் அருகில் கற்கிறார். அங்கே கிடக்கும் குழந்தை காய்ச்சலால் சோர்ந்தோ ஊசிக்கு அஞ்சி அழுதுகொண்டோ இருக்கும். அது விளையாடாது, பேசாது. வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைக்கோ காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை. ஆகவே அது அந்தப் படுக்கைக்கு வருவதே இல்லை. வேறெதற்கோ வரும்போது, தாய் எழுந்து போகுமுன் தயங்கிக் கேட்கும் கடைசிக் கேள்வியாக மட்டுமே அது வருகிறது.

இந்த அறிவு நூல்களில் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ஆர்னால்டு கெசல் 1911-ஆம் ஆண்டிலேயே இதற்கென ஒரு நிலையம் தொடங்கினார். குவிமாடம் போன்ற ஒரு கூண்டினுள் குழந்தையை விளையாடவிட்டு, உள்ளிருப்பாருக்கு வெளியே நிற்பவர் புலப்படாத திரையின் அப்பால் நின்று, அதன் ஒவ்வோர் அசைவையும் படக்கருவியால் பதிவு செய்தார். எந்த வயதில் எச்செயல் தோன்றுகிறது என்னும் கணக்கு அங்கிருந்துதான் ஒழுங்கு பெற்றது. இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்து ரொனால்டு இல்லிங்வொர்த் 1960-இல் வெளியிட்ட நூல், குழந்தை மருத்துவர்களிடையே பல பதிப்புகள் கண்டது. எனினும் இவை துறை வல்லுநரின் பொறுமைக்கும் ஓய்வுக்கும் உரியவை. நூறு பேர் வரிசையில் காத்திருக்க, ஒரு நாற்காலியும் ஒரு மேசையும் மட்டுமுள்ள இளம் மருத்துவர் என்ன செய்வார்?

அவருக்காக ஆக்கப்பட்டது 1967-இல் வெளிவந்த டென்வர் சோதனை. கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் வில்லியம் பிராங்கன்பர்க், ஜோசையா டாட்ஸ் என்னும் இருவர் இதனை அமைத்தனர். பிறந்தது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளின் 105 செயல்களை ஒரே தாளில் கோடுகளாக வரைந்தனர். உடலை அசைத்து இயங்குதல், கைவிரல்களின் நுட்பம், மொழி, பிறரோடு பழகுதல் என நான்கு பிரிவுகள். இதற்கு வேண்டிய கருவிகளைக் கேட்டால் சிரிப்பு வரும்: சிவப்புக் கம்பளி நூல் உருண்டை, கிலுகிலுப்பை, மணி, சிறு குப்பி, உலர்ந்த திராட்சை, ஓர் அங்குல மரக்கட்டைகள் சில, பந்து, பென்சில். 1992-இல் இச்சோதனை திருத்தி அமைக்கப்பட்டது. பிற நாட்டார் பலரும் இதனைத் தத்தம் குழந்தைகளுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டனர்.

இத்தகைய தாளைக் கையிலெடுக்கும் இளம் மருத்துவர் முதலில் தெளிய வேண்டியது ஒன்று உண்டு. ‘குழந்தை எத்தனையாம் மாதத்தில் நடக்கும்?’ என்று கேட்டால், ‘பன்னிரண்டு’ என்று அவர் ஒரே எண்ணைச் சொல்லுவார். அது தவறான விடை. உலகச் சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நன்கு பேணப்பட்ட 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006-ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டது. பற்றுக்கோடின்றி உட்காருவது 3.8 மாதம் முதல் 9.2 மாதம் வரை. தனியே நடப்பது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை. ஒன்பதாம் மாதத்தில் நடக்கும் குழந்தை மேதையும் அன்று. பதினாறாம் மாதத்தில் நடக்கும் குழந்தை மந்தமும் அன்று. கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே எழுந்து நடந்துவிட்ட குழந்தைகள் நூற்றுக்கு நால்வர் என்ற அளவில் அந்த ஆய்வில் இருந்தனர். இயற்கை இத்தனை தாராளமாக இடம் விட்டிருக்கிறது. ஆனால் அந்த இடத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பதினெட்டு மாதம் நிறைந்தும் நடக்காத குழந்தையைப் பார்த்து, ‘இயற்கை தாராளமானது’ என்று சொல்லிக்கொண்டிருக்கலாகாது. இளம் மருத்துவர் மனத்தில் பதிய வேண்டியது சராசரியைவிட இந்த எல்லையே.

எல்லையைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டிய பெருமை நமக்கு அண்டையிலுள்ள திருவனந்தபுரத்துக்கு உரியது. அங்குள்ள குழந்தை வளர்ச்சி நிலையத்தில் டாக்டர் எம். கே. சி. நாயரும் உடன் பணியாற்றியோரும் அமைத்த வளர்ச்சி அட்டை 1991-இல் வெளியாயிற்று. பிறந்தது முதல் இரண்டு வயது வரை, பதினேழே செயல்கள். முகம் பார்த்துச் சிரித்தல், நகரும் பென்சிலைக் கண்ணால் தொடர்தல், தலை நிற்றல், மணியோசை வந்த பக்கம் தலை திருப்புதல், ஒரு கைப் பொருளை மறு கைக்கு மாற்றுதல், சிறு பொருளை விரல் நுனிகளால் எடுத்தல், இரு சொற்கள் பேசுதல், பொம்மையின் உறுப்புகளைச் சுட்டிக் காட்டுதல் முதலியவை அவற்றுள் சில. கைகொட்டுதலும் ஒன்று; நம் சப்பாணி அந்த அட்டையிலும் இடம்பெற்றிருப்பதைக் கண்டு நான் மகிழ்ந்ததுண்டு.

ஒவ்வொரு செயலுக்கும் ஒரு படுக்கைக் கோடு. நூற்றில் மூன்று குழந்தைகள் அச்செயலைச் செய்துவிடும் வயதில் கோடு தொடங்குகிறது. தொண்ணூற்றேழு குழந்தைகள் செய்துவிடும் வயதில் முடிகிறது. குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலை நிமிர்த்தி வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்புறத்திலேயே முடிந்துவிட்ட கோடுகள் யாவும் குழந்தை இந்நேரம் செய்திருக்க வேண்டியவை. அவற்றுள் ஒன்றேனும் கைவரவில்லையாயின் மேலும் ஆராய வேண்டும். இவ்வளவுதான். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அங்கன்வாடி ஊழியரும் இதனைச் செய்யலாம். 1994-இல் அந்த அட்டை வெளிவந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. என் மேசையில் அது இல்லை.

பென்சிலை வைப்பது எளிது. அதற்குமுன் குழந்தையைப் பார்ப்பதுதான் அரிது. என்னிடம் பயிற்சிக்கு வரும் இளைஞர்களை முதல் நாளே நோயாளிகளிடம் அனுப்புவதில்லை. புதன்கிழமைத் தடுப்பூசி வரிசைக்கு அனுப்புகிறேன். அங்கே இருப்பவை நலமான குழந்தைகள். தாயின் கையிலுள்ள அட்டையைப் பாராமல் குழந்தையின் வயதைச் சொல்ல வேண்டும். பிறகு அட்டையைத் திருப்பிப் பார்க்கலாம். முதல் வாரத்தில் எட்டு மாதக் குழந்தையை ஐந்து மாதம் என்பார்கள். மூன்றாவது வாரத்தில், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறதா, ஒரு கையை முன்னே ஊன்றியிருக்கிறதா என்று பார்த்து ஒரு மாத வேறுபாட்டுக்குள் சொல்லிவிடுகிறார்கள். நலமான குழந்தைகளை இருநூறு பேரேனும் இவ்வாறு பார்த்த கண்ணுக்குப் பின்தங்கிய குழந்தை தானாகவே உறுத்தும்.

அடுத்துக் கைதொடாமல் பார்க்கும் பயிற்சி. வெள்ளை அங்கியைக் கழற்றி வைத்துவிட வேண்டும். குழந்தை தாயின் மடியிலேயே இருக்கட்டும். ஒரு பொரியை மேசைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தால், ஆறு மாதக் குழந்தை உள்ளங்கையால் வாரப் பார்க்கும். பத்து மாதக் குழந்தை கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துக் கொத்தி எடுக்கும். (எடுத்தது வாய்க்குப் போகுமுன் வாங்கிக்கொள்வதும் பயிற்சியில் அடங்கும்.) தலையின் சுற்றளவை அளப்பது, காதினுள் விளக்கு வைப்பது போன்ற, குழந்தைக்குப் பிடிக்காத செயல்கள் எல்லாம் கடைசியில்தான். முதலில் அழவைத்துவிட்டவர் அன்று வேறெதையும் அறிய முடியாது.

பிறகு மணியோசை. இதில் நான் கடுமையாக இருப்பேன். காரணம் உங்களுக்குத் தெரியும். ஒருவர் குழந்தையின் முன் அமர்ந்து பொம்மையைக் காட்டிக் கவனத்தைப் பிடித்து வைக்க வேண்டும். பொம்மை மறைந்த கணத்தில், மற்றவர் பக்கவாட்டில், குழந்தையின் பார்வைக்கு எட்டாத இடத்தில், காதின் மட்டத்தில், ஒரு முழ தூரத்தில் மெல்ல ஒலியெழுப்ப வேண்டும். மூச்சுக்காற்று படலாகாது, வளையல் ஒலிக்கலாகாது, நிழல் விழலாகாது, தாய் திரும்பிப் பார்க்கலாகாது. கைதட்டவே கூடாது. இவ்வளவும் செய்து குழந்தை சரியாகத் திரும்பினாலும், தாய்க்கு ஐயம் நீங்கவில்லையாயின் கருவிச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். இப்போது பிறந்த ஓரிரு நாளிலேயே செவியை ஆராயும் கருவிகள் வந்துவிட்டன. காதினுள் சிறு செருகியை வைத்து ஒலியை அனுப்பினால், நலமான உட்செவி தானும் ஒரு மெல்லிய ஒலியைத் திருப்பி எழுப்பும். கருவி அதனைப் பதிவு செய்துகொள்ளும். உறங்கும் குழந்தைக்கும் இதனைச் செய்யலாம்.

வயதைக் கணக்கிடுவதிலும் தவறு நேர்கிறது. எட்டு மாதக் குழந்தை இன்னும் துணையின்றி உட்காரவில்லை என்று கவலைப்படுமுன், அது இரண்டு மாதம் முன்கூட்டியே பிறந்ததா என்று கேட்க வேண்டும். அவ்வாறாயின் அதனை ஆறு மாதக் குழந்தையாகவே மதிக்க வேண்டும். இரண்டு வயது வரை இந்தக் கழிவு பொருந்தும்.

எதிர்த்திசையிலும் ஏமாற இடமுண்டு. ‘எங்கள் பையன் ஒன்பது மாதத்திலேயே எல்லாவற்றையும் இடக்கையால்தான் எடுக்கிறான், தாத்தாவைப் போல’ என்று வீட்டார் பெருமையாகச் சொல்வார்கள். அந்த வயதில் குழந்தைக்கு வலக்கையும் இடக்கையும் ஒன்றே. ஓராண்டு நிறையுமுன் ஒரு கையையே நாடும் குழந்தைக்கு மற்றக் கையில் வலுக்குறைவு இருக்கலாம். இடக்கை தாத்தாவைப் போல இருக்கிறதா என்று பாராமல், வலக்கை ஏன் சும்மா கிடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எல்லாவற்றினும் நான் வலியுறுத்துவது தாயின் சொல்லை. ‘எப்போது உட்கார்ந்தான், எப்போது நின்றான்?’ என்று பழையதைக் கேட்டால் விடை பிழைபடும். மூன்று குழந்தைகளைப் பெற்றவர் மாதக் கணக்கை எப்படி நினைவில் வைத்திருப்பார்? ‘இப்போது என்ன செய்கிறான்? உங்களுக்கு ஏதேனும் கவலை உண்டா?’ என்று கேட்டால் விடை பெரும்பாலும் சரியாக இருக்கும். இப்போது தாய்மார் பலர் கைப்பேசியில் எடுத்த படத்தையே காட்டிவிடுகிறார்கள். கூச்சத்தால் நம் முன் செய்யாத குழந்தை, வீட்டில் கைகொட்டிச் சிரிப்பதை அதில் காணலாம். முன்பு செய்ததை இப்போது செய்வதில்லை என்று தாய் சொன்னால், எந்த வயதாயினும், அட்டை என்ன சொன்னாலும், உடனே ஆராய வேண்டும்.

இந்தச் சோதனைகளை ஆங்கிலத்தில் ஸ்கிரீனிங் என்பர். சலித்தல் என்று நாம் சொல்லலாம். சல்லடை நோயின் பெயரைச் சொல்லாது. எவற்றை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றே சொல்லும். இதனை ஒரு கணக்கால் விளக்குவேன். ஆயிரம் குழந்தைகளில் ஐம்பது பேருக்கு உண்மையாகவே பின்னடைவு இருப்பதாகக் கொள்வோம். நம் சோதனை பின்னடைவு உள்ளவரில் நூற்றுக்கு எண்பது பேரைப் பிடிக்கிறது. இல்லாதவரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்றும் கொள்வோம். நல்ல சோதனைதானே? ஐம்பதில் நாற்பது பேர் பிடிபடுவர். எஞ்சிய தொள்ளாயிரத்து ஐம்பதில் 95 பேரும் தவறாகப் பிடிபடுவர். மொத்தம் 135 தாய்மாரிடம் ‘மேலும் ஆராய வேண்டும்’ என்கிறோம். அவர்களுள் தொண்ணூற்றைந்து பேரின் குழந்தைகளுக்கு ஒன்றும் இல்லை. பத்துக் குழந்தைகளோ நம் கையிலிருந்து நழுவிவிடுகின்றன. ஆகவே ஒரு முறை சலித்தால் போதாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2006-இல் ஒன்பது, பதினெட்டு, முப்பது மாதங்களில் திரும்பத் திரும்பச் சலிக்க வேண்டும் என்று விதித்தது இதனாலேயே.

அந்த 135 தாய்மாரிடம் என்ன சொல்லுவது? இதுவே பயிற்சியில் மிகக் கடினமான பகுதி. இரண்டு மாணவர்களை எதிரெதிரே அமர்த்தி, ஒருவரைத் தாயாக நடிக்கச் செய்வேன். ஒரு சாரார், ‘மூளை வளர்ச்சி சரியில்லை’ என்று வெட்டெனக் கூறிவிடுவர். மறு சாரார், ‘ஒன்றுமில்லை அம்மா, எதற்கும் ஒரு முறை காட்டிவிடுங்கள்’ என்று மழுப்புவர். முன்னதைக் கேட்ட தாய் கலங்கிக் கோயிலுக்கும் குளத்துக்கும் அலைவார். பின்னதைக் கேட்ட தாய் காட்டவே மாட்டார். நான் கற்பிப்பது இதுதான்: கண்டதைச் சொல், இன்னும் தெரியாததைத் தெரியாது என்று சொல், எங்கே, எந்த நாளில் வரவேண்டும் என்பதைச் சொல். “மணியோசைக்குத் திரும்பவில்லை, அம்மா. காதில் குறையா, அன்றைக்கு மட்டும் கவனிக்கவில்லையா என்று எனக்குத் தெரியாது. வரும் செவ்வாய்க்கிழமை கருவி வைத்துப் பார்ப்போம்.” நாளைக் குறிக்காத அறிவுரை காற்றில் போய்விடும். தாய் கலங்கினால் உடனே அடுத்தவரை அழைக்காமல் சற்று நேரம் இருக்க வேண்டும், வரிசை காத்திருக்கட்டும்.

கண்டுபிடித்து என்ன பயன் என்று கேட்கும் மாணவர் ஒருவராவது ஒவ்வோர் ஆண்டும் இருப்பார். கேட்க வேண்டிய கேள்விதான். பிறவியிலேயே தைராய்டுச் சுரப்பு குறைந்த குழந்தைக்கு முதல் இரண்டு வாரங்களுக்குள் மாத்திரை தொடங்கினால், அறிவு வளர்ச்சி பெரும்பாலும் குன்றாமல் காக்கலாம். ஓராண்டு கழித்துத் தொடங்கினால் இழந்ததை முழுதும் மீட்க இயலாது. செவித்திறன் குறைந்த குழந்தைகளுள் ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்டு உதவி பெற்றவர்கள், பிந்திக் கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் தெளிவாக முன்னின்றனர் என்று கொலராடோவில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது. என்னிடம் வந்த பையனுக்குப் பதினான்கு மாதத்தில் கிடைத்திருக்கக்கூடிய செவிக்கருவி மூன்றரை வயதில் கிடைத்தது. சொற்கள் பொழிந்துகொண்டிருக்கும் காலத்தில் அவன் நிசப்தத்தில் இருந்தான்.

எல்லாப் பின்னடைவுக்கும் மாத்திரையோ கருவியோ இல்லை. அப்போதும் செய்வதற்கு உண்டு. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் ஊட்டக்குறைவால் உயரம் குன்றிய 129 குழந்தைகளில் ஒரு பகுதியினர் வீட்டுக்கு வாரம் ஒரு முறை சுகாதாரப் பணியாளர் சென்று, எறியப்படும் பொருள்களால் செய்த பொம்மைகளைக் கொண்டு, தாய் குழந்தையோடு விளையாடவும் பேசவும் கற்றுக்கொடுத்தனர். இரண்டு ஆண்டுகள். அக்குழந்தைகளின் வளர்ச்சி மேம்பட்டது என்று 1991-இல் அறிவித்தனர். இருபது ஆண்டுகள் கழித்து அவர்கள் வேலைக்குப் போனபோதும், அந்த விளையாட்டைப் பெறாதவரைவிட நூற்றுக்கு 25 பங்கு அதிகம் ஈட்டினர் என்பது 2014-இல் வெளியாயிற்று.

நம் நாட்டிலும் 2013-ஆம் ஆண்டு தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் ஒன்று தொடங்கப்பெற்றது. மருத்துவர் இருவர், மருந்தாளுநர் ஒருவர், செவிலியர் ஒருவர் கொண்ட குழு ஊர்தியில் சென்று, அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இரு முறையும் பள்ளிப் பிள்ளைகளை ஒரு முறையும் ஆராய வேண்டும் என்பது ஏற்பாடு. வளர்ச்சிப் பின்னடைவு அதில் இடம்பெற்றுள்ளது. பின்தங்கிய குழந்தைகளை அனுப்புவதற்கு மாவட்டந்தோறும் இளந்தலையீட்டு மையம் வேண்டும் என்றும் வகுத்தனர். 2019-இல் நடைமுறைக்கு வந்த மருத்துவப் பாடத்திட்டம், குழந்தையின் வளர்ச்சியை மதிப்பிடுவதை மாணவர் செய்துகாட்ட வேண்டிய திறன்களுள் ஒன்றாக வைத்தது. செய்துகாட்டுதல் என்ற சொல்லில்தான் என் நம்பிக்கை இருக்கிறது. எழுதிக்காட்டுதல் எங்கள் காலத்திலும் இருந்தது.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்களுள் சிலர் நாளை மருத்துவராகலாம், பலர் ஆகமாட்டீர்கள். எனினும் உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ ஒரு கைக்குழந்தை இருக்கும். ஒரு நாள் மாலையில் கால் மணி நேரம் அதன் அருகில் அமர்ந்து, எடுத்துக் கொஞ்சாமல், கைதட்டாமல், அது என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள். எந்தக் கையால் எடுக்கிறது, எத்தனை விரலால் எடுக்கிறது, ஓசை வந்தால் எப்பக்கம் திரும்புகிறது, தனக்குப் பிடித்த பொருளைக் கண்டால் யார் முகத்தைப் பார்க்கிறது என்று கவனியுங்கள். அதன் வயதை மட்டும் முதலில் கேட்டுவிடாதீர்கள்.